கை நடுங்கியதா, நிலம் நடுங்கியதா?
வீடியோக் கமெராவின் நிலைப்படுத்தல் குறித்துச் சில குறிப்புகள்

கடந்த மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஸ்காபறோவில் ஒரு நூலகத்தின் கீழ்த்தள மண்டபத்தில், முள்ளிவாய்க்கால் நினைவையொட்டி இருபத்திரண்டு நிமிட வீடியோத் தொகுப்பு ஒன்று காட்டப்பட்டது. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் அதனைத் தொகுத்திருந்தார். எங்கள் தலைமுறை பேசிக்கொண்டே இருந்த ஒரு வேலையை அவர் ஓசைப்படாமல் செய்து முடித்திருக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவரது பெயரை இங்கு தவிர்க்கிறேன்; நான் எழுதப்போவது அவர் மீதான குற்றப்பத்திரிகை அல்ல.

காட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை நாம் பல தடவை பார்த்த காட்சிகள்தான். 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னிக்குள் இருந்தவர்களாலேயே எடுக்கப்பட்டு, எப்படியோ வெளியே வந்து சேர்ந்தவை. பதுங்குகுழி வாசல், தறப்பாள் கொட்டில்கள், சைக்கிளில் கட்டிய மூட்டை, ஓடுகிற கால்கள். ஆனால் அன்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஏதோ ஒன்று பிசகுவதாக எனக்குப் பட்டது. ஷெல் விழும் சத்தம் கேட்கிறது, ஆட்கள் குனிகிறார்கள், படமோ மிதந்துகொண்டு நிற்கிறது. ஒரு கணம் முகங்கள் மங்கிக் கலைந்து மீண்டும் தெளிகின்றன. ஆனால் இருந்த இடத்தை விட்டு அவை அசையவில்லை. தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது போல இருந்தது. பத்து நிமிடம் கழிந்த பின்புதான் விடயம் பிடிபட்டது. ஆடவேண்டிய படம் ஆடவில்லை.

முடிந்த பின் அவரிடம் கேட்டேன்.

"ஓம் அங்கிள், எல்லாத்தையும் ஸ்ரெபிலைஸ் பண்ணினனான். இல்லாட்டி அம்மம்மா ஆக்களுக்குப் பாக்கேலாது, தலை சுத்தும்" என்றார்.

இந்தப் பதிலை எடுத்த எடுப்பில் மறுத்துவிட முடியாது. கடைசி வரிசையில் இருந்த முதியவர்கள் உண்மையிலேயே எழுந்து போகாமல் கடைசிவரை இருந்து பார்த்தார்கள். இதே காட்சிகள் முன்னொரு வருடம் திருத்தப்படாமல் காட்டப்பட்டபோது பலர் இடையில் வெளியே போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் போனது துயரம் தாளாமல் என்றுதான் அப்போது நினைத்தேன். சிலர் வெறும் தலைச்சுற்றினால் போயிருக்கலாம்.

வீடியோக் கமெராவில் எப்போது நிலைப்படுத்தலைப் பாவிப்பது, எப்போது நிறுத்திவைப்பது என்பது கமெராவுடன் வரும் கைநூலில் அரைப் பக்கத்தில் தீர்ந்துவிடுகிற கேள்வி என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இதைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி சிறியது. 1996 இலிருந்து ஏறத்தாழப் பத்து வருடங்கள், வார நாட்களில் தொழிற்சாலையிலும் வார இறுதிகளில் கலியாண வீடுகள், சாமத்தியச் சடங்குகள், அரங்கேற்றங்களிலுமாகக் காலம் கழித்தவன். எனது கமெரா சோனி விஎக்ஸ்1000. 1995 இல் வெளிவந்தது. இரண்டாம் கையாக வாங்கினேன். அதில் 'ஸ்ரெடிஷொட்' என்று ஒரு விசை இருந்தது. வாங்கித் தந்த நண்பர் "உதை எப்பவும் போட்டுவிடு" என்றார். போட்டுவிட்டேன். அடுத்த இரண்டு வருடங்களுக்கு அந்த விசையை நான் தொடவேயில்லை.

கமெராவுக்குள் நடப்பது இதுதான். கமெராவின் உடல் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்பதைச் சிறு உணர்கருவிகள் அளக்கின்றன. ஒளியியல் முறையில், வில்லைத் தொகுதியின் ஒரு பகுதியோ ஒரு பட்டகமோ எதிர்ப்பக்கம் அசைந்து அதை ஈடுசெய்கிறது. மின்னணு முறையில் வில்லை அசைவதில்லை. படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் கைவசம் ஒதுக்கிவைத்துக்கொண்டு, நடுவில் உள்ள சட்டகத்தை ஆட்டத்துக்கு எதிராக நகர்த்துகிறார்கள். மூன்றாவது, எடுத்து முடிந்த பின்னர் கணினியில் செய்வது. மென்பொருள் படத்தில் உள்ள புள்ளிகளைப் பின்தொடர்ந்து, கமெரா போன பாதையைக் கணித்து, அந்தப் பாதையை வழவழப்பாக்கி, வெறுமையாகும் ஓரங்களை வெட்டி, மிஞ்சியதைப் பெருப்பித்துத் தருகிறது. 2011 இல் அடோபி நிறுவனத்தின் ஆஃப்ரர் எஃபெக்ற்ஸில் 'வோர்ப் ஸ்ரெபிலைசர்' வந்த பிறகு இது ஒரு பொத்தானை அழுத்துகிற வேலையாகிவிட்டது. நமது இளைஞர் அழுத்தியதும் இத்தகைய பொத்தான் ஒன்றைத்தான்.

மனிதக் கை சும்மா இருக்கும்போதே விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை நடுங்குகிறது. ரொறன்ரோவின் பெப்ரவரிக் குளிரில் கையுறையுடன் கமெரா பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இந்தச் சிறு நடுக்கத்தைக் களையவே இக்கருவிகள் முதலில் செய்யப்பட்டன. அதை நன்றாகவே செய்கின்றன. நடையின் ஆட்டம் வேறு. ஒவ்வொரு அடிக்கும் உடல் ஏறி இறங்குகிறது. கமெராவும் கூடவே ஏறி இறங்குகிறது. அதற்கு உள்ளே இருக்கும் கருவி போதாது. கரட் பிரவுண் 1970களின் நடுவில் உருவாக்கிய ஸ்ரெடிகாம் போன்றதொன்று வேண்டும். 'றொக்கி'யில் நாயகன் படிகளில் ஏறி ஓடுகிறபோது கமெராவும் கூடவே ஓடுவது அதனால்தான். இன்று கலியாண வீடுகளில் பெடியள் கையில் பிடித்துக்கொண்டு திரிகிற கிம்பல் அதன் பேரப்பிள்ளை. மணமகளைச் சுற்றி அது போடும் வட்டங்களைப் பார்க்கையில், கலியாணத்துக்கு வந்தவர் ஒருவர்கூட இப்படி மிதந்து திரிந்திருக்கமாட்டாரே என்று எனக்குத் தோன்றும். அது என் வயசின் முணுமுணுப்பாகவும் இருக்கலாம்.

விசையை அணைக்கவேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தது ஓர் அரங்கேற்றம். நண்பர் ஒருவரின் மின்னணு நிலைப்படுத்தல் கொண்ட சிறு கமெராவை இரண்டாவது கமெராவாக முக்காலியில் பூட்டி, பின்வரிசையிலிருந்து வில்லையை நன்றாக இழுத்து வைத்திருந்தேன். வீட்டில் வந்து பார்த்தால், பிள்ளை மேடையின் குறுக்கே பாய்ந்து வரும்போதெல்லாம் மேடை எதிர்ப்பக்கம் நழுவுகிறது. பின்னால் இருந்த நடராஜர் சிலை தாளத்துக்கு ஏற்ப இடம் பெயர்கிறார். காரணம் எளியது. அக்காலக் கமெராக்களில் சில, தாம் ஆடுவதை உணர்கருவியால் அல்லாமல் படத்தை ஒப்பிட்டே ஊகித்தன. சட்டகத்தை நிறைத்துக்கொண்டு ஓர் ஆள் அசைந்தால், அசைந்தது தானே என்று கமெரா நம்பிவிடுகிறது. ஆளை நிறுத்தி உலகத்தை அசைக்கிறது. உணர்கருவி உள்ள கமெராக்களும் முக்காலியில் இருக்கையில் இல்லாத ஆட்டத்தைத் தேடி மெல்ல நழுவுவதுண்டு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திருப்பினால், முதலில் அடம்பிடித்து நின்றுவிட்டுப் பிறகு துள்ளிப் போகும். ஆகவே முக்காலியில் இருந்தால் நிறுத்து, வேண்டுமென்று திருப்பும்போது நிறுத்து, கையில் பிடித்துத் தூரத்தை இழுக்கும்போது போடு. கைநூலின் அரைப் பக்கம் இவ்வளவுதான்.

தாலி கட்டும் நேரம் இன்னொன்றைக் கற்றுத் தந்தது. ஆட்கள் இடித்துத் தள்ளுவார்கள், அட்சதை மழையாக விழும், மாமன்மாரின் முதுகு முன்னே நிற்கும். தூர நின்று வில்லையை இழுத்தால் முகத்தோடு சேர்ந்து ஆட்டமும் பெருக்கும். எந்த ஸ்ரெடிஷொட்டும் காப்பாற்றாது. வில்லையை அகலமாக வைத்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு, மணவறைக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட வேண்டும். அப்போது அதே கை நடுக்கம் படத்தில் தெரியவே தெரியாது.

இதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் இந்த நாட்டிலேயே ஒருவர் இதை எனக்கு முன் செய்து முடித்திருக்கிறார் என்று தெரிந்தது. கியூபெக்கின் ஒளிப்பதிவாளர் மிஷேல் பிறோ, தேசியத் திரைப்படச் சபைக்காக 1958 இல் கில் க்றூவுடன் சேர்ந்து 'லே ராக்கெத்தர்' என்ற குறும்படத்தை எடுத்தார். ஷேர்புறூக் நகரில் பனிக்காலணி அணிந்தவர்கள் கூடும் ஒரு விழா. அக்காலத்தில் அதே சபையின் ஆங்கிலப் பிரிவினர் மனிதர்களை அவர்களறியாமல் தூரவில்லையால் பார்ப்பதை விரும்பினார்கள். பிறோ அகலவில்லையுடன் கூட்டத்துக்குள்ளேயே போனார், நடந்தார், அவர்களுக்குத் தெரியும்படி நின்றார். படம் ஆடுகிறது. ஆனால் அந்த ஆட்டம் கூட்டத்தில் ஒருவனின் ஆட்டம். ஜோன் றூஷ் இதைப் பார்த்துத்தான் அவரைப் பாரிசுக்கு அழைத்து, 1961 இல் வெளியான 'ஒரு கோடையின் வரலாறு' படத்தில் பயன்படுத்திக்கொண்டார். ஆட்டத்தைக் குறைக்கும் முதல் கருவி கால்கள் என்பதை அந்தப் பதினைந்து நிமிடப் படம் போல வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை.

இவ்விடத்தில் திரையின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 1962 இல் பாடகர் போல் அங்கா பற்றி 'லோன்லி போய்' என்ற கைக்கமெராப் படத்தை இயக்கிய இருவரில் ஒருவர் றோமன் குறொய்ற்றர். 1967 இல் ஐமக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஒன்ராறியோ பிளேசில் 1971 இல் திறக்கப்பட்ட சினஸ்பியர் மண்டபத்தின் ராட்சதத் திரையில் 'லோன்லி போய்' பாணியில் ஆட்டிக் காட்டினால் பார்வையாளர் வாந்தி எடுப்பார்கள். கையகலத் திரையில் தாங்கக்கூடிய ஆட்டம் சுவரகலத்தில் தாங்கமுடியாது. அந்த நூலக மண்டபத்தில் படம் முழுச் சுவருக்கும் விழுத்தப்பட்டது. அம்மம்மாக்களின் தலைச்சுற்றுக்குப் பாதிக் காரணம் அந்தச் சுவர். திரையைச் சிறிதாக்கியிருந்தால் பாதிப் பிரச்சினை பொத்தானை அழுத்தாமலே தீர்ந்திருக்கும். அதை எவரும் யோசிக்கவில்லை. மண்டபத்தில் இருந்த நானும்தான்.

*

ஆட்டம் ஒரு குறை என்ற எண்ணத்திலிருந்து விலகி, ஆட்டம் ஒரு தகவல் என்ற எண்ணத்துக்கு வருவதற்கு எனக்கு உதவியது ஓர் அமெரிக்க விவகாரம். 1963 நவம்பர் 22 இல் டலஸ் நகரில் கென்னடி சுடப்பட்டபோது, ஏபிரகாம் சப்ரூடர் என்ற ஆடை வியாபாரி தன் எட்டு மில்லிமீற்றர்க் கமெராவில் இருபத்தாறு விநாடிகளைப் பதிவுசெய்தார். நடுங்கும் படம். றொபேட் குறோடன் என்பவர் அதை ஒவ்வொரு சட்டகமாகச் சரிசெய்து நிலைப்படுத்தினார். 1975 மார்ச்சில் அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சி பார்வையாளர்கள் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தது அவர் கொண்டுவந்த கொப்பியில்தான். நிலைப்படுத்தியிருக்காவிட்டால், என்ன நடந்தது என்பது சாதாரணக் கண்ணுக்குப் பிடிபட்டிராது. நிலைப்படுத்தலின் பக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சியம் இல்லை.

அதற்கு அடுத்த வருடம், இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற லூயிஸ் அல்வாறெஸ், அதே படத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது நேர்மாறானது. எந்தச் சட்டகங்களில் வெளிச்சப் புள்ளிகள் கோடாக இழுபட்டிருக்கின்றன என்று அவர் அளந்தார். வெடிச் சத்தம் கேட்டதும் படம் எடுத்தவரின் தசைகள் அவரறியாமல் துடித்திருக்கும். அந்தத் துடிப்பு படத்தில் கோடாக விழுந்திருக்கும். ஆகவே கோடுகளிலிருந்து வெடிகளின் நேரத்தைக் கணிக்கலாம் என்பது அவர் வாதம். அவரது முடிவுகள் பற்றிய சர்ச்சை வேறு. எனக்கு முக்கியமானது, அவர் எந்தப் படத்தை மேசையில் வைத்து அளந்தார் என்பதே. நிலைப்படுத்திய கொப்பி மட்டுமே உலகத்தில் மிஞ்சியிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்திராது.

இனி வன்னிப் படங்களுக்கு வருவோம். பதுங்குகுழி வாசலில் கமெரா வைத்திருக்கிறவரை நாம் ஒருபோதும் காண்பதில்லை. அவர் இருப்பதற்கான ஒரே அடையாளம் ஆட்டம். ஷெல் விழும்போது படத்தில் இரண்டு விதமான ஆட்டம் கலக்கிறது. நிலம் அதிர்ந்து வருவது ஒன்று, அதிர்ச்சியில் கை துடிப்பது மற்றது. எவ்வளவு அருகில் விழுந்தது, அவர் குனிந்தாரா விழுந்தாரா, அடுத்ததற்குப் பழகிவிட்டாரா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நிலைப்படுத்தும் மென்பொருளுக்குக் கையின் நடுக்கமும் நிலத்தின் நடுக்கமும் ஒன்றே. இரண்டையும் ஒரே கணக்கில் கழித்துவிடுகிறது. ஆனால் ஒன்றை அதனால் கழிக்க முடியாது. ஒவ்வொரு சட்டகத்துக்குள்ளும் ஏற்கனவே பதிந்துவிட்ட மங்கல் அப்படியே நிற்கும். அன்று நான் கண்ட, அசையாமல் கலைந்து தெளிந்த முகங்கள் அதன் விளைவுதான். காரணம் அகற்றப்பட்டு, காயம் மட்டும் மிஞ்சிய படம்.

சனல் 4 இல் 2011 ஜூன் 14 இல் ஒளிபரப்பான 'இலங்கையின் கொலைக்களங்கள்' படத்தில் ஓர் இடம் வருகிறது. பதுங்குகுழிக்குள் இருந்து ஒரு பெண், படம் எடுத்துக்கொண்டு நிற்பவரை எடுக்கவேண்டாம் என்றும் உள்ளே வரும்படியும் மன்றாடிக் கத்துகிறார். அந்தக் கத்தலின் பொருள், கமெரா வெளியில் ஆடிக்கொண்டு நிற்பதால்தான் நமக்குப் புரிகிறது. அதே கமெரா அசையாமல் மிதந்தால் அவர் யாரைப் பார்த்துக் கத்துகிறார்?

அசையாத படமும் அந்நாட்களில் இருந்தது. அது வானத்திலிருந்து வந்தது. 2009 ஏப்ரல் 20 இல் மக்கள் மண் அணையைக் கடந்து வரும் காட்சியை இலங்கை அரசு உலகத்துக்குக் காட்டியது. ஆளில்லா விமானத்திலிருந்து எடுத்தது. மணலில் ஊரும் புள்ளிகளாக ஆயிரக்கணக்கானோர். நடுக்கமில்லை, சத்தமில்லை, மூச்சில்லை. வன்னிச் சனங்கள் 'வண்டு' என்று பெயர் வைத்திருந்த அதே பொருள்தான். கீழே இருந்தவர்களுக்கு அதன் சத்தம் தெரியும். மேலே எடுத்த படத்தில் அந்தச் சத்தமும் இல்லை.

நடுங்காத வான்பார்வையின் வரலாற்றில் ரொறன்ரோவுக்கு அண்டை ஊருக்கும் ஒரு பங்குண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இங்கிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் ஹமில்ரனில், வெஸ்ரிங்ஹவுஸ் கனடா நிறுவனத்தில், நொக்ஸன் லெவிற் என்ற பொறியியலாளர், சுழலிகளால் நிலைநிறுத்தப்பட்ட கமெராத் தாங்கி ஒன்றை உருவாக்கினார். இராணுவத் தேவைக்காகத் தொடங்கி, ஹெலிகொப்ரரிலிருந்து எடுக்கும் சினிமாக் காட்சிகளுக்கும் விளையாட்டு ஒளிபரப்புகளுக்கும் பரவிய 'வெஸ்காம்' அதுதான். அதன் வாரிசான கருவிகள் இன்று ஆயுதம் தாங்கிய ஆளில்லா விமானங்களில் இருக்கின்றன. துருக்கிக்கு அவற்றை ஏற்றுமதி செய்வதை, நாகோர்னோ கறபாக் போரை அடுத்து, 2020 ஒக்ரோபரில் கனடிய அரசு இடைநிறுத்தி, 2021 ஏப்ரலில் அனுமதிகளை ரத்துச் செய்தது. இலங்கைப் படையிடம் இருந்தவை இஸ்ரேலியத் தயாரிப்புகள். இரண்டையும் போட்டுக் குழப்பவேண்டியதில்லை. கையையே அகற்றிவிட்ட கமெரா எங்கிருந்து பார்க்கிறது என்ற கேள்வியை மட்டும் இங்கே வைக்கிறேன். ரொறன்ரோக் கலைஞர் மைக்கல் ஸ்னோ (ஈற்றன் சென்ரரின் கூரையிலிருந்து தொங்கும் வாத்துகளைச் செய்தவர்; 2023 இல் காலமானார்) 1971 இலேயே 'லா றேஜியோன் சென்றால்' என்ற மூன்று மணிநேரப் படத்தில், ஆளில்லாத ஒரு மலையுச்சியில் இயந்திரக் கரத்தில் கமெராவைச் சுழலவிட்டு இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவரது சட்டகத்துக்குள் மனிதர் இல்லை. அதனால் அது தியானமாக இருக்கமுடிந்தது.

எனது சொந்தக் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். 2009 மே 10, அன்னையர் தினம். கார்டினர் நெடுஞ்சாலையில் நம்மவர்கள் ஏறி மறித்த மாலை. குழந்தைவண்டிகளுடன் பெண்கள் முன்னால் இருந்தார்கள், பொலிசார் எதிரே. நானும் கமெராவுடன் இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நடுக்கம் எனக்கு வந்ததில்லை. எந்த நேரம் என்ன நடக்குமோ என்ற பயம், ஊரிலிருந்து தொலைபேசி வராத நாட்கள் வேறு. விசை வழக்கம்போலப் போட்டபடி இருந்தது. அண்மையில் அந்த நாடாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தேர்த் திருவிழாவுக்குப் போனவன் எடுத்தது போல இருக்கிறது. நிதானமான, விருப்பமான, கொஞ்சம் சலிப்பான படம். அன்று அங்கே இருந்தது நானல்ல என்று எவரும் சத்தியம் செய்யலாம்.

*

இதுவரை வாசித்தவர்கள், நான் நிலைப்படுத்தலின் எதிரி என்ற முடிவுக்கு வந்திருக்கக்கூடும். சில வருடங்களுக்கு முன்பு அப்படித்தான் இருந்தேன். அதைக் கெடுத்தவர் எங்கள் கட்டிடத்தில் இருந்த ஓர் அன்ரி.

அவரது மகன் கடைசிக் காலத்தில் ஒரு தற்காலிக வைத்தியசாலையில் உதவிக்கு நின்றவர். அதன் பின் தகவல் இல்லை. யாரோ ஒருவர் சொல்லி, நாற்பது விநாடிக் காட்சி ஒன்றில் மகன் தெரிவதாக அறிந்து என்னிடம் வந்தார். போட்டுக் காட்டினேன். கமெரா ஒரு கொட்டிலுக்குள் ஓடி நுழைகிறது, சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி ஒரு பெடியன், இரண்டு விநாடி. அன்ரி திரையின் கிட்டப் போய் நின்றார்.

"தம்பி, உதை ஒருக்கா ஆட்டாமல் காட்டுங்கோ."

நிறுத்தி ஒற்றைச் சட்டகமாகக் காட்டினேன். "இல்லைத் தம்பி, அவன் அசையவேணும். படம் ஆடக்கூடாது" என்றார்.

ஆட்டம் ஒரு தகவல் என்று அந்த மனுசியிடம் எப்படிச் சொல்வது? இரவு முழுக்க இருந்து அந்த இரண்டு விநாடியை முகத்தை மையமாக வைத்து நிலைப்படுத்தினேன். மறுநாள் அவர் பார்த்தார். மகன் கண் சிமிட்டி, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, பக்கத்தில் யாருக்கோ ஏதோ சொல்கிறான். ஆட்டத்துக்குள் இது எதுவுமே முன்பு தெரிந்ததில்லை. எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று எண்ணவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறொரு வேலையாக மூலப்படத்தைத் திருப்பிப் பார்த்தபோது கவனித்தேன். மகன் பேசியது படத்தின் வலது ஓரத்தில் நின்ற இன்னொருவருடன். ஒரு தோளும் காதும் பாதிக் கன்னமும். நான் செய்த கொப்பியில் அந்த ஆள் இல்லை. முகத்தை நடுவில் நிறுத்துவதற்காக மென்பொருள் வெட்டி எறிந்த ஓரத்தில் அவர் போய்விட்டார். அவருக்கும் எங்கோ ஒரு தாய் இருப்பார். அந்தத் தாய் என்னிடம் வந்திருந்தால், நிலைப்படுத்திய கொப்பியைக் காட்டி, இதில் உங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

ஆகவே எனது வாதம் பொத்தானை அழுத்தாதே என்பதல்ல. மூலத்தின் மேல் அழுத்தாதே, அழுத்திய கொப்பியில் அழுத்தியதாக எழுது என்பதே. 2009 ஓகஸ்டில் சனல் 4 வெளியிட்ட, கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் கைத்தொலைபேசிப் படத்தை இலங்கை அரசு போலியென்று சொன்னபோது, ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் நிபுணர்களைக் கொண்டு அதை ஆராய்வித்து, 2010 ஜனவரியில் அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்று அறிவித்தார். அத்தகைய ஆய்வுக்குப் படம் எடுத்தபடியே வேண்டும். இரக்கத்தோடு யாராவது அதை முன்கூட்டியே 'பார்க்கக் கூடியதாக' ஆக்கியிருந்தால், மறுப்பவருக்கு நாமே வாசலைத் திறந்து கொடுத்திருப்போம்: பாருங்கள், இதில் கணினி வேலை நடந்திருக்கிறது. 2020 இல் ஐநா மனித உரிமை அலுவலகமும் பேர்க்லி பல்கலைக்கழகமும் வெளியிட்ட, திறந்தமூல எண்மப் புலனாய்வு குறித்த பேர்க்லி நெறிமுறையும், மூலத்தை மாற்றாமல் காப்பதையும் கொப்பியில் வேலை செய்வதையும்தான் வற்புறுத்துகிறது.

ஆனால் இந்த விதி நம் காலைக்கீழ் நழுவிக்கொண்டிருக்கிறது. இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றில் நிலைப்படுத்தலுக்கு விசையே இல்லை. கோப்பு எழுதப்படுவதற்கு முன்பே ஓரம் வெட்டி வழவழப்பாக்கப்பட்டுவிடுகிறது. நாளைக்கு ஓர் ஊரில் ஷெல் விழுகையில் ஒரு பிள்ளை எடுக்கும் படத்தின் மூலம் என்பதே ஏற்கனவே திருத்திய கொப்பிதான். மாற்று வழி இல்லாமலில்லை. கோப்ரோ போன்ற சிறு கமெராக்கள், உணர்கருவி அளந்த அசைவை எண்களாகப் படக்கோப்போடு சேர்த்து எழுதிவைக்கின்றன. படத்தை ஆட்டத்துடனேயே எடுத்துவிட்டு, அந்த எண்களைக் கொண்டு பிறகு 'ஜைரோஃப்ளோ' என்ற இலவச மென்பொருளால் ஒரு கொப்பியை நிலைப்படுத்தலாம். அன்ரிக்கு வேண்டியதும் கிடைக்கும், அல்வாறெஸுக்கு வேண்டியதும் இருக்கும். கைத்தொலைபேசி செய்பவர்களிடம் இதைக் கேட்க நம்மிடம் சங்கம் ஏதும் இல்லை. பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கேட்கலாம்.

தொகுப்பு செய்த இளைஞருடன் அதற்குப் பிறகு மூன்று மாலைகள் இருந்தேன். வாக்குவாதப்பட்டோம், தேத்தண்ணி குடித்தோம். பதுங்குகுழிக் காட்சிகள் எல்லாவற்றையும் பழையபடி ஆடவிட அவர் சம்மதித்துவிட்டார். ஓடும் வாகனத்திலிருந்து எடுத்த ஒரு நீண்ட காட்சியை நிலைப்படுத்தியே வைத்திருப்போம் என்றார்; எனக்கும் மறுப்பில்லை, அதில் ஆடுவது தெருவின் குழிகள். நிலைப்படுத்திய இடங்களில் படத்தின் கீழே ஒரு வரி போடப்படும். திரை சுவரில் பாதியளவாகும்.

ஒரு காட்சியில் மட்டும் இன்னும் இழுபறி. நந்திக்கடல் ஓரமாக ஒருவர் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் நடக்கிறார். சாதாரண நடையாட்டம், பார்க்கக் கஷ்டம், இதை நிலைப்படுத்தினால் என்ன குறைந்துவிடும் என்பது இளைஞரின் கேள்வி. நான் அவரைக் கண்ணை மூடி ஆட்டத்தை மட்டும் கையால் தாளம் போட்டு எண்ணச் சொன்னேன். ஓர் அடி நீளம், அடுத்தது கட்டை. மீண்டும் நீளம், மீண்டும் கட்டை. எடுத்தவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்கிறார் என்கிறேன் நான். மணலில் எவர் நடந்தாலும் அப்படித்தான் இருக்கும் என்கிறார் அவர். வருகிற சனிக்கிழமை வூட்பைன் கடற்கரைக்குப் போய், மணலில் இருவரும் கமெராவுடன் நடந்து பார்ப்பதாக இருக்கிறோம்.